மந்திரக்கோலே எல்லாம் செய்துவிட்டால்...?



மரவெட்டி கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் கோடரி விழுந்துவிடுகிறது. தேவதை தோன்றுகிறாள். தங்கக் கோடரியைக் காட்டி, 'இதுவா உன்னுடையது?' என்று கேட்கிறாள். மீதிக் கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள்!

இது ஈசாப் கதைகளில் ஒன்று. கிரேக்க நாட்டுக் கதை. அங்கே கோடரியை எடுத்துத் தருபவர் ஹெர்மிஸ் என்ற கடவுள். நம் ஊருக்கு வந்ததும் அவர் வனதேவதை ஆகிவிட்டார்!

ஒன்றைக் கவனித்தீர்களா? தேவதை வந்தவுடன் கோடரியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் கேள்வி கேட்கிறாள். தங்கக் கோடரியைப் பார்த்த பிறகும் மரவெட்டி உண்மை சொல்வானா, மாட்டானா என்றுதான் நம் மனம் படபடக்கிறது. கேட்காமலே கொடுத்திருந்தால் அதை யார் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

நல்ல தேவதைக் கதையின் ரகசியம் இதுதான். தேவதை விடை சொல்ல வரக்கூடாது. கேள்வி கேட்க வரவேண்டும்.

ஒரு ரயில் பயணம், ஒரு அத்தியாயம்

மரவெட்டி கதை ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். தேவதை வருகிற நீளமான கதைகளும் உண்டு. பத்து, பன்னிரண்டு அத்தியாயங்கள், பெரிய எழுத்து, நடுநடுவே படங்கள். படக்கதைப் புத்தகத்தை விட்டு, பெரிய நாவலுக்குப் போவதற்கு முன்னால் ஏறவேண்டிய நடுப்படி இவை.

எங்கள் காத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று நின்று நின்று போகும். ராயபுரம் வருவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். 'அடுத்து என்ன ஆச்சு?' என்ற கேள்வியோடு இறங்குவீர்கள். அந்தக் கேள்விதான் உங்களை மறுநாளும் படிக்க வைக்கும். நீளமான புத்தகம் என்றாலே பயந்து ஓடுகிற பிள்ளைகளை இப்படித் துண்டு துண்டாகக் கொடுத்துத்தான் பழக்கவேண்டும்.

2023-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் தொடங்கியபோது, புத்தகங்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். நுழை, நட, ஓடு, பற! 'நட'வில் இருப்பவரை 'பற'வுக்குக் கொண்டுபோக, சிறகுள்ள தேவதையைவிட நல்ல துணை யார்?

வாசகர் கேட்டார்கள், தேவதை வந்தாள்!

1881-ல் இத்தாலியில் குழந்தைகளுக்கென்றே வந்த ஒரு வார இதழில் கார்லோ கொலோடி ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். மரத்தில் செய்த பொம்மைப் பையன் ஒருவனின் கதை. பெயர் பினோக்கியோ. சில மாதங்கள் எழுதிய பிறகு, கொள்ளையர் கையில் சிக்கி அவன் செத்துப்போவதாகச் சொல்லி, பதினைந்தாம் அத்தியாயத்தோடு கதையை முடித்துவிட்டார்!

வாசகர்கள் விடுவார்களா? கதை தொடரவேண்டும் என்று கேட்டார்கள். 1882-ல் கொலோடி மறுபடி எழுதினார். இப்போது நீலக் கூந்தல் தேவதை ஒருத்தி வந்து பினோக்கியோவைக் காப்பாற்றினாள். 1883-ல் அது புத்தகமாக வந்து உலகமெங்கும் பரவியது.

பொய் சொன்னால் அவன் மூக்கு நீளும் என்பது தெரியும் அல்லவா? அந்தப் பொய்யை அவன் சொன்னது இந்தத் தேவதையிடம்தான். மூக்கு நீண்டு, அறைக்குள் திரும்பக்கூட முடியாமல் அழுதான். அவள் உடனே சரிசெய்தாளா? இல்லை. அரைமணி நேரம் நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் மரங்கொத்திப் பறவைகளைக் கூப்பிட்டு மூக்கைக் கொத்திச் சின்னதாக்கச் சொன்னாள். கடைசியில் அவன் நிஜப் பையனாக மாறுவதும் சும்மா இல்லை. உடம்பு வளைந்து வேலை செய்து, வயதான அப்பாவைக் காப்பாற்றிய பிறகுதான்!

'தேவதைக் கதையா? அது பொம்பளைப் பிள்ளைகள் படிப்பது' என்று சொல்லும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பினோக்கியோ பையன்தான்!

ஏழு வண்ணத் தேவதைகள்

2003-ல் இங்கிலாந்தில் 'ரெயின்போ மேஜிக்' என்ற தொடர் தொடங்கியது. எழுதியவர் பெயர் டெய்சி மெடோஸ் என்று அட்டையில் இருக்கும். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை. பல எழுத்தாளர்களுக்குப் பொதுவான புனைபெயர்! வானவில்லின் ஏழு தேவதைகளையும் ஜாக் ஃபிராஸ்ட் என்ற பொல்லாதவன் விரட்டிவிடுகிறான். ரேச்சல், கிர்ஸ்டி என்ற இரண்டு சிறுமிகள் ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கிறார்கள். புத்தகத்துக்கு ஒரு தேவதை.

பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு பிடித்தது? வழக்கமாகத் தேவதைதான் மனிதரைக் காப்பாற்றுவாள். இங்கே சின்னப் பிள்ளைகள் தேவதைகளைக் காப்பாற்றுகிறார்கள்! வீட்டில் எல்லோரும் 'நீ சின்னப் பிள்ளை, சும்மா இரு' என்று சொல்லும்போது, ஒரு புத்தகம் 'நீ வந்தால்தான் காரியம் நடக்கும்' என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

குறையும் உண்டு. ஒரு புத்தகம் படித்தால் அடுத்ததில் என்ன வரும் என்று சொல்லிவிடலாம். எல்லாம் ஒரே அச்சு. சிறுமிகளுக்குச் சங்கடம் வந்தால், தேவதைகளின் ராணி கொடுத்த பையில் கைவிட்டால் போதும், வேண்டியது கிடைத்துவிடும். படிக்கப் பழகுவதற்கு இந்தப் புத்தகங்கள் நல்லவை. ஐந்தாறு படித்துவிட்டு, அடுத்த படிக்கு ஏறிவிடவேண்டும்.

நம் தமிழில்?

உங்கள் தாத்தா, பாட்டியிடம் அம்புலிமாமா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்! 1947 ஜூலையில் தொடங்கிய அந்த இதழ் இப்போது வருவதில்லை. ஆனால் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தை யாரும் மறக்கவில்லை. வேதாளம் என்ன செய்யும்? கதை சொல்லி, கேள்வி கேட்கும்! நம் மரவெட்டியின் தேவதை மாதிரியே. வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தியின் கதைகளுக்காக வாராவாரம் காத்திருந்த பிள்ளைகள் ஏராளம்.

இன்றும் எழுதுகிறார்கள். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் சாகித்திய அகாடமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. தப்பான விதத்தில் தொடும் பெரியவரைப் பற்றி வெளியே சொல்லப் பயப்படும் சிறுமிக்கு, பேசும் மரப்பாச்சி பொம்மை துணையாக வருகிறது. 2025-ல் அதே விருதைப் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் நாவலுக்கு 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்று பெயர். பெயரிலேயே சிறகு இருக்கிறது பார்த்தீர்களா!

எண்ணூருக்கு வரும் தேவதை

பல புத்தகங்களில் தேவதைகள் பனி பெய்யும் காட்டில் இருக்கிறார்கள். புகைபோக்கிகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த நம் ஊருக்கு வருவார்களா?

ஏன் வரக்கூடாது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுப்பாயின. கூழைக்கடா பறவைகளின் சிறகில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. அப்போது அங்கே ஒரு தேவதையும் வந்து, அவள் சிறகிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்க முடியவில்லை!

முதல் அத்தியாயத்திலேயே அவள் மந்திரக்கோலை ஆட்டி, ஆற்றைச் சுத்தமாக்கிவிட்டால் கதை முடிந்தது. அது பொய்க்கதையும் ஆகிவிடும். நிஜத்தில் நம் மீனவர்கள்தான் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். மந்திரம் இல்லை, கைகள்தான் இருந்தன. அதனால் தேவதை வந்து, 'எனக்குப் பறக்க முடியவில்லை, நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று ஒரு பெண்ணிடமோ பையனிடமோ கேட்கட்டும். இனி பத்து அத்தியாயம் எழுதலாம்!

'தேவதைக் கதை எல்லாம் பொய், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?' என்று பெரியவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். தேவதை நிஜமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். அவள் கேட்கும் கேள்வி நிஜம்!

புத்தகத்தைச் சோதித்துப் பாருங்கள்

நூலகத்தில் தேவதைக் கதை எடுத்தால் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. மந்திரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறதா? (சிண்டரெல்லாவுக்கு நள்ளிரவு 12 மணி மாதிரி!)

2. சங்கடம் வந்தபோது யோசித்தது யார், தேவதையா, பிள்ளைகளா?

3. கதை ஆரம்பத்தில் இருந்த மாதிரியே முடிவிலும் பிள்ளைகள் இருக்கிறார்களா, மாறியிருக்கிறார்களா?

4. அத்தியாயம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை துடிக்கிறதா?

மூன்றுக்காவது நல்ல பதில் கிடைத்தால் அது நல்ல புத்தகம். தம்பி தங்கைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அப்படியே ஒரு நோட்டு எடுத்து, எண்ணூர்த் தேவதையின் முதல் அத்தியாயத்தையும் எழுதிப் பாருங்களேன்!