கோடைத் தலைவலியா? முதலில் ஒரு சொம்பு தண்ணீர்!

சித்திரை பாதி தாண்டி அக்கினி நட்சத்திரமும் தொடங்கிவிட்டதென்றால், எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "மண்டையைப் பிளக்குதுடி அம்மா!" சாயங்காலம் நாலு மணிக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், அந்த வீட்டு அம்மாள் நெற்றியில் தைலத்தை அப்பிக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருப்பாள்.

காரணம் கேட்டுப் பாருங்கள். பித்தம் என்பார்கள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார்கள், ராத்திரி மின்விசிறி நின்றுபோய்த் தூக்கம் கெட்டது என்பார்கள். இரண்டாம் டோஸ் காபியும் ஒரு மாத்திரையும் உள்ளே போகும். "காலையிலேருந்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சே?" என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்தக் கோடையில் அந்த ஒரு கேள்வியை நாம் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள்ளும் முறைப்பாசனம்

மேட்டூரில் ஜனவரி 28-ல் அணையை மூடினால், வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். இருப்புக் குறைவாக இருக்கிற வருஷத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். முதலில் வாடுவது கடைமடைதான். நம் உடம்பும் இப்படித்தான். வியர்வையாகத் தண்ணீர் வெளியேறி, உள்ளே வரவு குறைந்தால், உடம்பு முறை வைக்க ஆரம்பிக்கும். சிறுநீர் குறைந்து மஞ்சளாகும், நாக்கு வறளும், இதயம் வேகமாக அடிக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். கூடவே தலை வலிக்கும். நீர் குறையும்போது மூளை லேசாகச் சுருங்கி, அதைச் சுற்றியுள்ள சவ்வு இழுபடுவதாலேயே இந்த வலி வருகிறது என்பது மருத்துவர்களின் கருத்து.

தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளலாம் என்று இருப்பதும் சரியில்லை. தாகம் நன்றாகத் தெரியும்போதே, 55 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பிலிருந்து அரை லிட்டருக்கு மேல் போயிருக்கும். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே மந்தம். மாமனார், மாமியார் கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்காததால் மட்டுமே வருகிற தலைவலியைப் பற்றி, லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜே.என்.பிளாவ் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் விசாரித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தண்ணீர் குடித்த அரை மணிக்குள் வலி விட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. அதற்காக எல்லாத் தலைவலிக்கும் தண்ணீர் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். அடிக்கடி தலைவலி வருகிறவர்களைத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொல்லி நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பலர் "தேவலை" என்று சொன்னார்கள். ஆனால் தலைவலி வந்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. தண்ணீர்க் குறைவால் வந்த வலிக்குத்தான் தண்ணீர் மருந்து. வெயில் காலத்து வலியில் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நாம் ஏன் குடிப்பதில்லை?

தண்ணீர் இல்லாத ஊரா இது? இல்லையே! குழாயில் வருகிறது, பானையில் இருக்கிறது. இருந்தும் பெண்கள் குடிப்பதில்லை. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அடுப்படி. அனலில் வியர்த்துக்கொண்டே நின்று, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள், தண்ணீரையும் கடைசியில்தான் நினைத்துக்கொள்கிறாள்.

இன்னொன்றை வெளியே சொல்லக் கூச்சம். என் நாத்தனார் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் டீச்சர். காலை எட்டு மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால், மறுபடி ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துதான். "அங்கே பாத்ரூம் போற மாதிரியா இருக்கு, அண்ணி? குடிக்காம இருந்துட்டாத் தொல்லையே இல்லை" என்பாள். வாரத்தில் நாலு நாள் தலைவலி. எங்கள் வயலுக்குக் கோடை நடவுக்கு வருகிற பெண்களும் இதையேதான் சொன்னார்கள். "குடிச்சா எங்கக்கா போறது? சுத்தி வரப்புல ஆம்பளைங்க நிக்குறாங்க." காலை ஏழு மணிக்குச் சேற்றில் குனிந்தால் மதியம் வரை நிமிராதவர்கள் அவர்கள். பஸ்ஸில் வெளியூர் போகும்போது நீங்களும் நானும் என்ன செய்கிறோம்? கிளம்புவதற்கு முன்னால் தண்ணீரைத் தொடுவதில்லை!

இது தலைவலியோடு போகிற விஷயமில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும், தமிழ்நாட்டில் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களை ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். வேலையிடத்துச் சூடும் கழிப்பிட வசதிக் குறைவும் சேர்ந்து பெண்களின் உடல்நலத்தைக் கெடுப்பதை அதில் காட்டியிருக்கிறார்கள். 2017 முதல் 2020 வரை உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதித்ததில், சுமார் நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது. தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்கினால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதையில் கிருமி, கல் என்று ஒவ்வொன்றாக வரும்.

மாத்திரைக்கு முன்னால் யோசியுங்கள்

மருந்துக் கடையில் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கி விழுங்குகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரியான வலி மாத்திரைகள், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். வெறும் வயிறு வேறு என்றால் புண்ணும் வரும். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் இவற்றை மாதக்கணக்கில் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

என்ன குடிக்கலாம்?

மூத்தவர்கள் வழிகாட்டியபடியே செய்யலாம். காலையில் பழையது நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு டம்ளர். பதினோரு மணிக்கு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்த நீர்மோர். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போவதால், உப்புச் சேர்த்த மோர் வெறும் தண்ணீரை விட நன்றாக ஈடு கட்டும். சாயங்காலம் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் போட்ட பானகம். நடுவில் வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, இளநீர்.

இவற்றைத் தவிர, வெறும் தண்ணீர் நாளைக்கு 8 டம்ளர், அதாவது 2 லிட்டராவது வேண்டும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் கெடுதல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய தண்ணீர் குடிக்கிறோம் என்று அர்த்தம்.

மிகவும் வாடிவிட்டவர்களுக்கு வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலை தட்டிய 6 டீஸ்பூன், உப்பு தலை தட்டிய அரை டீஸ்பூன். உப்பு கூடிவிடக் கூடாது. கடையில் வாங்குவதானால் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட பொட்டலமா என்று பாருங்கள். சர்க்கரைப் பானங்களையே ஓ.ஆர்.எஸ். என்று பெயரிட்டு விற்றுவந்ததை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது.

ஓர் எச்சரிக்கை: சர்க்கரை நோயாளிகளுக்குப் பானகம் வேண்டாம். இரத்த அழுத்தக்காரர்கள் உப்பில் கவனமாக இருக்க வேண்டும். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும் இளநீரையும் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

நிழலில் படுத்து, தண்ணீர் குடித்து மூன்று மணி நேரமாகியும் வலி விடவில்லையா, டாக்டரிடம் போங்கள். இடி விழுந்தாற்போல் திடீரென்று வந்த வலி, விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, இவற்றுக்கு ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. வெயிலில் இருந்தவர் உளறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ, 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை ஈரத் துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதையும் செய்யலாமே

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2025-ல் பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே தனியாக மணி அடிக்கச் சொன்னது. வீட்டில் நமக்கு யார் மணி அடிப்பார்கள்? அடுப்படியில் உங்களுக்கென்று 2 லிட்டர் பாத்திரம் ஒன்றை மூடி வையுங்கள். படுக்கப் போகும்போது அது காலியாக இருக்க வேண்டும்.

நிலம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. போன வருஷம் எங்கள் பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் நாலு மூங்கில் நட்டு, தென்னங்கீற்றால் மறைத்து, ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தோம். முதல் நாளே குடத்து மோர் பத்து மணிக்குள் காலி! நடவாட்களுக்கு டீயும் வடையும் கொடுக்கிற நாம் இந்த மறைப்பையும் சேர்த்துக் கொடுப்போம். வேலை பார்க்கிற பள்ளியிலும் ஆபீசிலும் கூச்சப்படாமல் நாலு பேர் சேர்ந்து கேட்போம். போக ஓர் இடம் இருந்தால்தானே, பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்!