அட்டவணையைப் பார்த்தே சார்பை அடையாளம் காணலாம்

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தை நன்றாகச் செய்த பிள்ளைகளில் சிலர் உயர்நிலை 1க்குப் போனதும் ஓரிடத்தில் தடுமாறுகின்றனர். மேல் வரிசையில் எக்ஸ், கீழ் வரிசையில் ஒய் என்று எண்கள் மட்டும் இருக்கும் அட்டவணையைக் கொடுத்து, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் கேள்விதான் அது. அதுவரை கைகொடுத்த கட்டப் படங்கள் அங்கு அவ்வளவாக உதவுவதில்லை.

ஆங்கிலத்தில் 'ஃபங்ஷன்' எனப்படும் இந்தத் தொடர்புக்குத் தமிழில் சார்பு என்று பெயர். தமிழ்நாட்டில் தமிழ்வழி படித்த பெற்றோருக்கு இந்தச் சொல் நினைவிருக்கலாம். இங்கு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பதால், நமக்குப் புரியாது என்று பல பெற்றோர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் அட்டவணையில் இருப்பது எண்கள்தாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம்.

முதலில் அது சார்புதானா என்று பார்க்க வேண்டும். ஓர் எக்ஸுக்கு ஒரே ஒரு ஒய்தான் இருக்கலாம். தேக்காவிலிருந்து ஈசூனுக்கு டாக்சியில் போனால், ஒரே தூரத்துக்குக் காலையில் ஒரு கட்டணம், நண்பகலில் வேறொரு கட்டணம் வரும். உச்சநேரக் கூடுதல் கட்டணமும் காத்திருக்கும் நேரமும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே டாக்சிக் கட்டணம் தூரத்தை மட்டும் சார்ந்ததன்று.

அடுத்து, ஒய் மதிப்புகளின் வித்தியாசம். ஒரு துணைப்பாட நிலையத்தில் பதிவுக் கட்டணம் 20 வெள்ளி, ஒரு வகுப்புக்கு 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 3 வகுப்புகளுக்கு 50, 80, 110 வெள்ளி. ஒவ்வொரு முறையும் 30 கூடுகிறது. இது நேர்கோட்டுச் சார்பு. வகுப்புகளின் எண்ணிக்கையை 30ஆல் பெருக்கி 20ஐக் கூட்டினால் விடை. அந்த 20 அட்டவணையில் எங்கும் இல்லை. ஒன்றிலிருந்து ஒரு படி பின்னோக்கி, பூஜ்யத்துக்குப் போனால்தான் அது தெரியும்.

பலர் வழுக்கி விழும் இடமும் இதுதான். அதே அட்டவணையில் 1, 2, 3 என்பதற்குப் பிறகு நேராக 5 வகுப்புகள், 170 வெள்ளி என்று இருந்தால் வித்தியாசம் 30, 30, 60 என வரும். உடனே 'இது நேர்கோடு இல்லை' என்று பிள்ளை எழுதிவிடும். எக்ஸ் இரண்டு படி தாண்டியதை அது கவனிக்கவில்லை. 60ஐ 2ஆல் வகுத்தால் அதே 30தான். மேல் வரிசையைப் பார்க்காமல் கீழ் வரிசையை மட்டும் கழித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே மாற்றுவது நல்லது.

வித்தியாசம் ஒரே மாதிரி இல்லாவிட்டால்? இதற்குப் புள்ளிக்கோலத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. 1-3-1 என்று வைத்தால் மொத்தம் 5 புள்ளிகள். 1-3-5-3-1 என்றால் 13. அடுத்து 7 வரை போனால் 25, 9 வரை போனால் 41. ஒற்றைப் புள்ளியையும் சேர்த்தால் வரிசை 1, 5, 13, 25, 41. வித்தியாசங்கள் 4, 8, 12, 16. அவற்றின் வித்தியாசமோ எப்போதும் 4. எக்ஸ் ஒவ்வொன்றாகக் கூடும்போது இரண்டாம் வித்தியாசம் மாறாமல் இருந்தால் அது இருபடிச் சார்பு. காரணமும் கோலத்திலேயே இருக்கிறது: ஐந்தாவது கோலத்தில் ஏறும்போது 1+3+5+7+9, அதாவது 25. இறங்கும்போது 7+5+3+1, அதாவது 16. ஐந்தின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்ததே 41. வாசலில் கோலம் போடும் பாட்டிக்கு இந்தக் கணக்கு விரலில் இருக்கும். சூத்திரம் மட்டும்தான் புதிது.

ஜி3 பாடத்திட்டத்தில் இருபடிச் சார்பு உயர்நிலை 2ல் வருகிறது. எதிர்விகிதமும் ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான். 240 வெள்ளி வாடகைப் பேருந்தை 10 பேர் பகிர்ந்தால் தலைக்கு 24, 20 பேர் என்றால் 12, 40 பேர் என்றால் 6 வெள்ளி. இங்கு கழித்துப் பயனில்லை, பெருக்க வேண்டும். மேலெண்ணும் கீழெண்ணும் பெருக்கினால் எப்போதும் 240.

அடுக்குச் சார்பு மேல்வகுப்புகளில் வரும். ஒருவர் மூவருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப, ஒவ்வொருவரும் புதிதாக மூவருக்கு அனுப்பினால், அடுத்தடுத்த சுற்றுகளில் 1, 3, 9, 27, 81 பேர். வித்தியாசங்கள் 2, 6, 18, 54. எத்தனை முறை கழித்தாலும் மாறா எண் கிடைக்காது. வகுத்தால் உடனே 3 கிடைக்கும். கூட்டுவட்டியும் இந்த வகைதான். 1,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 5% தனிவட்டி என்றால் 1,050, 1,100, 1,150. கூட்டுவட்டி என்றால் 1,050, 1,102.50, 1,157.63. முதல் வரியில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதுதான் கடன் வாங்குபவரை ஏமாற்றுகிறது.

இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி குறித்த கவலையில் 1991ல் பிறந்த சிண்டா, 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகளில் கணிதமும் கற்பிக்கிறது. வகுப்புக்கு அனுப்புவதோடு, வீட்டில் பிள்ளையிடம் 'விடை என்ன?' என்பதற்குப் பதிலாக 'ஏன் கழித்தாய், ஏன் வகுத்தாய்?' என்று கேட்டால், மனப்பாடமா புரிதலா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சில எண்களை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒரு வட்டத்தின் மீது புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து, வட்டம் எத்தனை துண்டுகளாகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளக் கூடாது. 1, 2, 3, 4, 5 புள்ளிகளுக்கு 1, 2, 4, 8, 16 துண்டுகள். ஆறாவது புள்ளிக்கு 32 என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். வரைந்து எண்ணினால் 31தான் வரும்.