2,147,483,647: பழைய கம்ப்யூட்டர் கடிகாரங்களுக்கு 2038-ல் 'செக்' வைக்கும் எண்... அப்படி என்ன ஸ்பெஷல்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்த்தால் ஏதோ டெண்டர் தொகை மாதிரி இருக்கும். ஆனால், பழைய கம்ப்யூட்டர்களின் கடிகாரம் 2038-ல் குழம்பப் போவது இந்த எண்ணால்தான்.

எதாலும் வகுபடாது

2-ஐ 31 தடவை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுவதால் இது பகா எண். 2-ன் அடுக்கில் ஒன்று குறைவாக வரும் பகா எண்களை 'மெர்சென் பகா எண்கள்' என்பார்கள். 3, 7, 31, 127 என்று போகும் அந்த வரிசையில் இது 8-வது.

இதை நிரூபித்தவர் ஆய்லர். 1772-ல், பார்வையை ஏறக்குறைய இழந்திருந்த நிலையில் இதைச் செய்தார். 46,340 வரையுள்ள எண்களால் வகுபடுகிறதா என்று பார்த்தாலே போதும். அதிலும் எந்த வகை எண்களுக்கு வாய்ப்பே இல்லை என்று கழித்துக்கட்டி, அதிகபட்சம் 372 வகுத்தல்களில் வேலையை முடித்தார். 1867 வரை உலகுக்குத் தெரிந்த மிகப்பெரிய பகா எண் இதுதான்!

கம்ப்யூட்டருக்கு என்ன தொடர்பு?

32 பிட் முறையில் ஓர் எண்ணைச் சேமிக்க 32 கட்டங்கள். ஒரு கட்டம் கூட்டலா, கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 கட்டங்களிலும் 1 நிரம்பினால் வருவது நம்ம 2,147,483,647. இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால், எண் சட்டென மைனஸுக்குத் தாவிவிடும்.

2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டின. கவுண்டரை 64 பிட்டுக்கு மாற்றியதால் யூடியூப் தப்பித்தது.

2038-ல் என்ன நடக்கும்?

பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடிகள் ஓடின என்று எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. அந்தக் கணக்கு இந்த எண்ணைத் தொடும் நேரம், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியே, மாற்றப்படாத 32 பிட் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும்!

நம்ம போனுக்கு ஆபத்தா?

பயப்பட வேண்டாம். இப்போது வரும் ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் 64 பிட்தான். கவலையெல்லாம், ஒருமுறை பொருத்திவிட்டு அப்டேட்டே செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் பழைய கருவிகளைப் பற்றித்தான். 2038-க்குப் பிந்தைய தேதிகளைக் கணக்கிடும் பழைய மென்பொருள்களில் கோளாறு இப்போதேகூட தலைகாட்டலாம்.

64 பிட்டின் எல்லை 9,223,372,036,854,775,807. அதை விநாடிகளாக எண்ணி முடிக்க சுமார் 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனால் அது பகா எண் அல்ல, 7-ஆல் வகுபட்டுவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் 2,147,483,647-தான் இன்னும் கெத்து!