கயிறு குட்டை, மிதவை தூரம்

நீர்ச்சறுக்கில் சிலாலம் என்றொரு போட்டி உண்டு. நேராகப் போகும் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலமும் இடமுமாக மாறி மாறி ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். படகுப் பாதையின் நடுவிலிருந்து ஒவ்வொரு மிதவையும் 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். கயிறோ 18.25 மீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு துண்டு குறைக்கப்படும். உலகத் தர வீரர்களுக்கு அது 9.75 மீட்டருக்கும் வந்துவிடும்.

9.75 மீட்டர் கயிற்றால் 11.5 மீட்டரை எப்படித் தொடுவது? மீதியை உடம்புதான் கொடுக்க வேண்டும். கையை முழுக்க நீட்டி, நீரோடு படுப்பதுபோல் சாய்ந்தால் தலை உள்ளே இருக்க, கால் பலகை மட்டும் மிதவைக்கு வெளியே சுற்றும். ஆண்கள் பிரிவில் படகின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். 259 மீட்டர் பாதை 16 விநாடியில் முடிந்துவிடும்.

குளத்தில் எறிந்த ஓட்டுச்சில் மூழ்காமல் துள்ளுவது போலத்தான் இதுவும்: பலகை நீரைக் கீழே தள்ள, நீர் பலகையை மேலே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த உந்தல் நான்கு மடங்காகும். அதனால்தான் இவ்வளவு ஒல்லியான பலகை ஓர் ஆளைத் தாங்குகிறது. ஆனால் நீர் சமமாக இருக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒன்றாகச் சிற்றலை வந்தால்கூட, அந்த வேகத்தில் காலுக்கு விநாடிக்கு எட்டு அடி விழும்.

பினாங்கின் சிக்கல் இங்கேதான். பத்து ஃபிரிங்கியில் ஜெட் ஸ்கீ பறக்கிறது. குளுகோரில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே கடல். இருந்தும் அந்தக் கடல் சிலாலத்துக்கு உதவாது. அமெரிக்காவின் லூசியானா மன்ரோ பல்கலைக்கழகம் தேசிய மாணவர் பட்டத்தை இருபது முறைக்கு மேல் வென்றிருக்கிறது என்றால், வளாகத்தை ஒட்டியே ஓடும் அமைதியான நீர்நிலைக்கும் அதில் பங்குண்டு.

மலேசியர்களுக்கும் இது எட்டாத விளையாட்டு அல்ல. 2017 சீ விளையாட்டுப் போட்டியில், செயற்கை ஏரி நகரமான புத்ராஜெயாவில், அலியா யூங் ஹனிஃபா தங்கம் வென்றபோது அவருக்கு வயது 14. நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அலெக்ஸ் யூங்கின் தங்கை அவர். வீட்டிலேயே பயிற்சியாளர் இருந்த பிள்ளை. எல்லாருக்கும் அது வாய்க்காது.

பினாங்கு மாணவர்கள் எங்கே போவது? டிராகன் படகுகள் போட்டியிட்ட தெலுக் பஹாங் அணை நினைவுக்கு வரும். அது குடிநீர், அங்கே பெட்ரோல் படகு கூடவே கூடாது. பக்கத்து மாநிலமான பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கப் பழைய ஈயக் குட்டைகள் கிடக்கின்றன. சன்வே லகூன் பூங்காவே அப்படியொரு ஈயச் சுரங்கத்தில் எழுந்ததுதான். ஜெர்மானியரான புருனோ ரிக்சன் உருவாக்கிய முறையில், குட்டைக் கரையில் மின்மோட்டார் வைத்து மேலே ஓடும் கம்பியால் இழுத்தால் படகே வேண்டாம். ஆழத்தையும் கரைச் சரிவையும் முதலில் அளந்து, பாதுகாப்பான ஒரு குட்டையையாவது வடமாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எடுத்து நடத்த முன்வர வேண்டும்.