கூகுள்ல நம்ம கடை எங்கே பாஸ்?

அப்பாவோட கடைக்கு வெப்சைட் ரெடி. டிசைன் செம! ஆனா கூகுள்ல தேடினா பக்கத்துத் தெருக்காரர் கடைதான் முன்னாடி நிக்குது. உடனே 'எஸ்.இ.ஓ. பண்ணணும் சார், மாசாமாசம் செலவாகும்'னு யாராவது வந்து நிப்பாங்க. பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி அப்பாவைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்க. எஸ்.இ.ஓ.ன்னா சர்ச் இன்ஜின் ஆப்டிமைசேஷன், அதாவது தேடுபொறிக்குப் புரியுற மாதிரி வெப்சைட்டைச் சரிபண்ற வேலை. ஒரு சின்னக் கடைக்கு அதில் முக்கால்வாசியை நீங்களே ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து முடிச்சுடலாம்.

முதல்ல ஒரு டெஸ்ட். கூகுள் பெட்டியில் இங்கிலீஷில் 'சைட்'னு அடிச்சு, கோலன் வெச்சு, இடம் விடாம உங்க வெப்சைட் முகவரியைப் போடுங்க. ஒரு பக்கம்கூட வரலையா? அப்ப கூகுள் உங்க கடையை இன்னும் எட்டியே பார்க்கலை. வேர்ட்பிரஸ்ஸில் கட்டின சைட்டா இருந்தா, செட்டிங்ஸில் தேடுபொறிகளைத் தள்ளி நிக்கச் சொல்ற ஒரு டிக் இருக்கும். கட்டும்போது போட்ட அந்த டிக்கை எடுக்க மறந்துடறது ரொம்ப சகஜம். அதை எடுத்துட்டு, கூகுளின் இலவச 'சர்ச் கன்சோல்'ல சைட்டைப் பதிவு பண்ணுங்க. எந்த வார்த்தையைத் தேடினவங்களுக்கு உங்க சைட் தெரிஞ்சது, எத்தனை பேர் க்ளிக் பண்ணாங்கன்னு அதுவே காட்டும்.

இப்பதான் மெயின் மேட்டர். அப்பா சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறார்னு வெச்சுக்குவோம். வெப்சைட்டின் தலைப்பு 'ஹோம்'. உள்ளே போனா 'தங்கள் வரவு நல்வரவாகுக'. யாராவது கூகுள்ல நல்வரவைத் தேடுவாங்களா? 'சுங்குடி சேலை மொத்த விலை', 'சின்னாளப்பட்டி காட்டன் சேலை'ன்னுதான் தேடுவாங்க. அந்த வார்த்தைகள் தலைப்பிலும் பக்கத்திலும் எழுத்தா இருக்கணும். விலைப்பட்டியலை போட்டோவா ஒட்டிட்டு, கூகுள் படிச்சுக்கும்னு நம்பி உட்காராதீங்க.

என்ன எழுதறதுன்னு முழிக்க வேண்டாம். ஒரு நாள் கல்லா பக்கத்துல உட்கார்ந்து, போன்ல வர்ற கேள்விகளைக் குறிச்சுக்குங்க. 'சாயம் போகுமா?', 'எப்படித் துவைக்கணும்?', 'பத்து சேலை எடுத்தா விலை குறையுமா?' ஒவ்வொண்ணுக்கும் அப்பா சொல்ற பதிலை அப்படியே எழுதுங்க. இருபது வருஷமா சேலை விற்கிறவர் சொல்ற பதில் எந்த எஸ்.இ.ஓ. கம்பெனியிடமும் கிடைக்காது. தமிழில் எழுதினா யூனிகோடில் எழுதுங்க. பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடிச்சா கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு வெறும் இங்கிலீஷ் கிறுக்கல்!

குறுக்கு வழி ஏதாச்சும்? இருக்கு, மாட்டினா காலி. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் சைட்டையே கூகுள் தூக்கி வெளியே போட்டுச்சு. தேடுபொறிக்குக் காட்ட 'பழைய கார்'ங்கிற வார்த்தையை அள்ளித் தெளிச்ச பக்கம், மனுஷன் போனா வேற பக்கம். மன்னிச்சு சில நாள்லயே திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. நம்ம சேலைக் கடைக்கு அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பு கிடைக்குமாங்கிறது டவுட்தான். 'கீவேர்ட்ஸ் மெட்டா டேக் போட்டுத் தர்றேன்'னு காசு கேட்டாலும் சிரிச்சுட்டு அனுப்பிடுங்க. தரவரிசைக்கு அதைப் பார்க்கிறதே இல்லைன்னு கூகுள் 2009லேயே சொல்லியாச்சு.

இன்னொரு ஓசி வேலை, 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்'. கடைப் பேரு, போன், திறக்கிற நேரம், போட்டோ எல்லாம் மேப்பில் வரும். பக்கத்து ஊர்க்காரர் தேடும்போது வெப்சைட்டைவிட இதுதான் பல நேரம் முதல்ல கண்ணில் படும். ஃப்ரெண்ட்ஸை வெச்சுப் பொய் ரிவ்யூ மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

இதைக் கத்துக்கிட்டு நாலு கடைக்குச் செஞ்சு பாக்கெட் மணி பார்க்கலாம், தப்பில்லை. செய்யுற வேலைக்குக் காசு கேளுங்க, 'முதல் இடத்துக்கு கியாரண்டி'ன்னு கேட்காதீங்க. அந்த கியாரண்டியை யாராலும் தர முடியாதுன்னு கூகுளே சொல்லுது. பலன் தெரியச் சில மாசம் ஆகும்னும் முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம், டொமைன் பேரையும் கூகுள் கணக்கையும் கடைக்காரர் மெயில் ஐடியிலேயே ஆரம்பிங்க. நீங்க படிப்பு முடிச்சு வேற ஊருக்குப் போனப்புறம், பாஸ்வேர்டுக்காக அவர் உங்களைத் தேடி அலையக்கூடாது பாருங்க!