உலகின் வலுவான நாட்டுக்கு எட்டாத கோப்பை: ஸ்பீட்வே பந்தயத்தில் போலந்து தடுமாறுவது ஏன்?

மோட்டார் சைக்கிள் பந்தய வகைகளுள் ஒன்றான 'ஸ்பீட்வே'யில் போலந்துக்கு நிகரான நாடு இன்று இல்லை. அந்நாட்டின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019 முதல் 2025 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஆறு முறை தனிநபர் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றுள்ளார். ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரிட்டன் ஆகிய நாடுகளின் முன்னணி வீரர்களும் போலந்தின் உள்நாட்டு லீக் போட்டியில்தான் ஊதியம் பெற்றுக் களமிறங்குகின்றனர். எனினும், 2018-ஆம் ஆண்டில் அறிமுகமான 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' எனும் அணிகளுக்கான உலகப் போட்டியில் 2025 வரை போலந்து ஒருமுறைகூட தங்கம் வென்றதில்லை.

இந்த முரணுக்கான விடை வீரர்களின் திறமையைவிட போட்டியின் விதிகளிலேயே அதிகம் உள்ளது.

மோட்டோஜிபி பந்தயத்தை 2023-இல் புத் சர்வதேச ஓடுதளத்தில் கண்ட இந்திய ரசிகர்களுக்கு ஸ்பீட்வே வேறோர் உலகமாகத் தோன்றக்கூடும். இதில் தார்ச் சாலை கிடையாது. 260 முதல் 425 மீட்டர் வரை சுற்றளவு கொண்ட நீள்வட்ட மண் தளத்தில் நான்கு வீரர்கள் இடப்புறமாகவே திரும்பி நான்கு சுற்றுகளை நிறைவு செய்ய வேண்டும். ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மெத்தனாலில் இயங்கும் 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின் பொருத்தப்பட்ட வாகனத்துக்கு ஒரே கியர்தான். பிரேக் அறவே கிடையாது. வளைவுகளில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பி, எஃகுத் தகடு பொருத்திய இடது காலணியைத் தரையில் ஊன்றியபடியே வீரர்கள் வாகனத்தைக் கட்டுப்படுத்துகின்றனர்.

அணிகளுக்கான உலகப் போட்டி 1960-இல் தொடங்கியது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடைபெற்ற முதல் இறுதிச் சுற்றில் ஸ்வீடனே வென்றது. உலக அணிக் கோப்பை என்றழைக்கப்பட்ட இப்போட்டி, 2001-இல் 'ஸ்பீட்வே உலகக் கோப்பை'யாக மாற்றி அமைக்கப்பட்டது. அதன்பின் 2017 வரை நடைபெற்ற 17 போட்டிகளில் போலந்து எட்டு முறையும், டென்மார்க் நான்கு முறையும், ஸ்வீடன் மூன்று முறையும், ஆஸ்திரேலியா இரண்டு முறையும் கோப்பையைக் கைப்பற்றின.

உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் நான்கு நாடுகள் மோதுகின்றன. ஒவ்வோர் ஓட்டத்திலும் நாட்டுக்கு ஒருவர் வீதம் நால்வர் புறப்படுவர். முதலிடத்துக்கு 3, அடுத்த இடங்களுக்கு 2, 1, கடைசி இடத்துக்குப் பூஜ்ஜியம் எனப் புள்ளிகள் வழங்கப்படும். 20 ஓட்டங்கள் முடியும்போது ஒரு நாட்டின் நான்காவது சிறந்த வீரர் எவ்வளவு தேறுகிறார் என்பதே பெரும்பாலும் கோப்பையைத் தீர்மானிக்கிறது. தாமஸ் கோப்பை பாட்மின்டனில் முதல் ஒற்றையர் வீரரின் வெற்றி மட்டும் போதாது, மூன்றாவது ஒற்றையர் வரை வலு வேண்டும் என்பதைப் போன்றதுதான் இது. வீரர்கள் நிறைந்த போலந்துக்கு இந்த முறை இயல்பாகவே பொருந்தியது.

ஆனால், உலகத் தரத்தில் நான்கு வீரர்களைத் திரட்டக்கூடிய நாடுகள் மிகச் சிலவே. இந்நிலையில் 2018-இல் உலகக் கோப்பைக்கு மாற்றாக, தளத்தில் நாட்டுக்கு இருவர் மட்டுமே இறங்கும் 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' கொண்டுவரப்பட்டது. இரண்டு சிறந்த வீரர்கள் இருந்தாலே தங்கத்தைக் கனவு காணலாம் என்ற நிலை உருவானது. எமில் சைஃபுதினோவ், ஆர்த்தெம் லகுதா ஆகிய இருவரின் பலத்தில் ரஷியா 2018, 2019, 2020 என முதல் மூன்று போட்டிகளையும் தொடர்ந்து வென்றது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022-இல் ரஷிய வீரர்களுக்குச் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் தடை விதித்ததால் அந்த அணி களத்தைவிட்டு நீங்கியது.

இணையர் போட்டியின் உண்மையான சூட்சுமம் புள்ளிக் கணக்கில் உள்ளது. இங்கு 3, 2, 1, 0 என்பதற்குப் பதிலாக 4, 3, 2, 0 என்ற முறை பின்பற்றப்படுகிறது. ஒரு நாட்டின் வீரர் முதலாவதாகவும் அவரது இணை கடைசியாகவும் வந்தால் அந்நாட்டுக்குக் கிடைப்பது 4 புள்ளிகள். இரண்டாவது, மூன்றாவது இடங்களைப் பிடித்த எதிரணிக்கோ 5 புள்ளிகள். பழைய கணக்கில் இவ்விரு அணிகளும் தலா 3 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்திருக்கும். ஆகவே, எவராலும் முந்த முடியாத ஒருவரைக் கொண்டிருப்பதால் மட்டும் இங்குப் பயனில்லை. கடைசி இடத்துக்குத் தள்ளப்படாத இரண்டாவது வீரரும், தன் வேகத்தைக் குறைத்தேனும் இணைக்கு வழிவிட்டு எதிரியை மறிக்கும் முதல் வீரரும் தேவை. தனிநபர் பட்டத்துக்காக ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் எதிர்த்து ஓடும் வீரர்களுக்கு இது எளிதான பழக்கமன்று.

முதல் சுற்று ஓட்டங்களில் அதிகப் புள்ளிகள் பெறும் நாடும் சாம்பியன் ஆகிவிடுவதில்லை. கடைசியாக நடைபெறும் ஒரேயொரு இறுதி ஓட்டமே தங்கத்தை முடிவு செய்கிறது. 2021-இல் மான்செஸ்டரில் இரண்டு நாள் நடைபெற்ற போட்டியில் அதிகப் புள்ளிகளுடன் முன்னிலை பெற்ற போலந்து, ஒரு நிமிட இறுதி ஓட்டத்தில் பிரிட்டனிடம் தோற்றது.

பிரிட்டன் தரப்புக்கு அது 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அணிப் பட்டம். அதற்கு முன் இங்கிலாந்து என்ற பெயரில் 1989-இல் பிராட்ஃபோர்டு நகரின் ஓட்சல் மைதானத்தில் வென்றிருந்தது. அந்த வெற்றியைவிட அன்றைய விபத்தே பலருக்கும் நினைவில் நிற்கிறது. முதல் ஓட்டத்தின் முதல் வளைவிலேயே வீரர்கள் மோதி விழுந்ததில், மூன்று முறை தனிநபர் உலகச் சாம்பியனான டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் படுகாயமடைந்தார். உயிர் பிழைத்து மீண்டும் நடக்கப் பழகிய அவரால் பந்தயத்துக்குத் திரும்ப முடியவில்லை. 1983 முதல் 1988 வரை தொடர்ந்து ஆறு முறை பட்டம் வென்றிருந்த டென்மார்க்கின் ஆதிக்கமும் அன்றுடன் முடிவுக்கு வந்தது. பிரேக் இல்லாத நான்கு வாகனங்கள் ஒரே வளைவை நோக்கி ஒரே நேரத்தில் பாயும்போது, இணைக்கு வழிவிடுவதும் எதிரியை மறிப்பதும் எத்தகைய ஆபத்து நிறைந்தவை என்பதை இதிலிருந்து உணரலாம்.

நால்வர் அணி முறையிலான உலகக் கோப்பை 2023-இல் மீண்டும் நடத்தப்பட்டது. போலந்தின் விராத்ஸ்வாஃப் நகரில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் போலந்து 33 புள்ளிகளுடன் கோப்பையை வென்றது. பிரிட்டன் 31 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. மறு ஆண்டே இணையர் முறை திரும்பியபோது பிரிட்டன் தங்கம் வென்றது. 2025-இல் போலந்தின் தோருன் நகரில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் கிடைத்த வாய்ப்பையும் அந்நாடு தவறவிட, ஆஸ்திரேலியா பட்டத்தைத் தட்டிச் சென்றது.

உலகக் கோப்பை மூன்றாண்டுக்கு ஒருமுறையும், இடைப்பட்ட ஆண்டுகளில் இணையர் போட்டியும் நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. இதன்படி 2026-ஆம் ஆண்டு நால்வர் அணிக்குரியது. ஸ்மார்ஸ்லிக்கும் அவரது இணையும் அந்த எட்டாத தங்கத்துக்காக 2027 வரை காத்திருக்க வேண்டும்.