மாவு புளிக்கிற ஊரில் கிம்ச்சி

பூந்தமல்லிச் சாலையில் ஒரு கொரியா – 9

கொரியக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடம் ஒரு வாரம் பொறுக்கட்டும். ஏழு நாளாக என் தலைக்குள் ஒரு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் வேறு எதையும் எழுத முடியாது.

1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த கதையும், இரண்டு மூன்று வருட வேலைக்காக இங்கே அனுப்பப்படும் 'ஜூஜேவோன்' குடும்பங்களின் கதையும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நேரே போய்விடலாம்.

பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் அவர்களும் நம்மைப் போலத்தான். சமையலறையில் இரண்டு ஃபிரிட்ஜ். ஒன்று நம் வீடுகளில் நிற்பது போன்றது. மற்றது ஐஸ்கிரீம் பெட்டி மாதிரி மேல்மூடியைத் தூக்கித் திறப்பது. அந்த வீட்டு அம்மா மூடியைத் தூக்கினார். வரிசையாக டப்பாக்கள். எல்லாவற்றிலும் கிம்ச்சி. வேறு ஒரு பொருள் கிடையாது.

கொரியாவில் குளிர்காலம் தொடங்கும்போது குடும்பமும் தெருவும் கூடி உட்கார்ந்து மொத்தமாகக் கிம்ச்சி போடுவார்கள். கோஸை இரண்டாகப் பிளந்து இரவெல்லாம் உப்பில் ஊறவைத்து, அலசி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய இறால், அரிசிக்கஞ்சி எல்லாம் கலந்த விழுதை இலை இலையாகத் தடவுவார்கள். இந்தக் கூட்டு வேலைக்கு 'கிம்ஜாங்' என்று பெயர். 2013-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. போட்ட கிம்ச்சியை மண்ஜாடியில் அடைத்து, தோட்டத்தில் கழுத்தளவு புதைத்துவிடுவார்கள். வெளியே பனி உறைந்தாலும் மண்ணுக்குள் குளிர் ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும். கிம்ச்சி மெல்ல மெல்லப் பக்குவப்படும்.

பிறகு தோட்டங்கள் போய் அடுக்கு மாடிகள் வந்தன. பத்தாவது மாடியில் ஜாடியை எங்கே புதைப்பது? இன்று எல்ஜி என்று நாம் அறிந்த கம்பெனி, கோல்ட்ஸ்டார் என்ற பெயரில் இருந்தபோது, 1984-ல் கிம்ச்சிக்கென்றே ஒரு ஃபிரிட்ஜைச் செய்தது. அது எடுபடவில்லை. 1995-ல் வந்த 'டிம்சே' வீட்டுக்கு வீடு நுழைந்தது. டிம்சே என்பது கிம்ச்சியின் பழம்பெயர். அதைச் செய்தது மாண்டோ. நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் பிரேக்கும் ஸ்டியரிங்கும் செய்கிறார்களே, அதே பெயர்தான். காருக்குக் குளிர்சாதனம் செய்யக் கற்றவர்கள் புதைத்த ஜாடியின் குளிரை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பெயர்ப்பலகையை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அதன் பின்னால் ஊறுகாய் ஜாடி ஒன்று இருப்பது போன வாரம்தான் தெரிந்தது.

சென்னை வெயிலில் இதற்கு என்ன அவசியம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "வெளியே வைத்தால் டுமாரோ... புளிப்பு" என்றார். 'புளிப்பு' என்பதைத் தமிழில்தான் சொன்னார், ளகரத்துக்குத் தடுமாறும் நம் பிள்ளைகளைவிடத் தெளிவாக. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கற்ற சொல்லாம்.

அக்கா விளக்கினார். "சித்திரை மாசம் மாவரைச்சு வெளிய வெச்சா என்ன ஆவும் சார்? பொழுது விடியறதுக்குள்ள பொங்கி வழிஞ்சிரும்ல? அதேதான் இது. மொத மாசம் மூக்கப் பொத்திக்கிட்டு வேலை செஞ்சேன். இப்ப நானே கேட்டு வாங்கினு போறேன், பழைய சோத்துக்கு."

அக்கா உவமையாகச் சொன்னது ஆய்வுக்கூடத்திலும் உண்மை. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களில் முதன்மையானது 'லூகோநாஸ்டாக் மெசென்டெராய்டஸ்'. கிம்ச்சி புளிக்கத் தொடங்கும்போது முன்னால் நின்று வேலை செய்வதும் அதுவேதான். அது வெளிவிடும் வாயுதான் நம் மாவை உப்ப வைக்கிறது. அதே வாயுதான் பதமான கிம்ச்சியை நாக்கில் சுருக்கென்று பேச வைக்கிறது. 2008-ல் யீ சோ-யோன் என்ற கொரியப் பெண் விண்வெளிக்குப் போனபோது கிம்ச்சியும் போனது. ஆனால் இந்த உயிர்களை முழுக்கக் கொன்ற பிறகுதான் ஏற்றினார்கள். உயிரோடு விட்டால் அங்கேயும் பொங்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தும், அவர்கள் ஜாடியிலும் நம் குண்டானிலும் ஒரே குடும்பம் குடியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மாவு கரைக்கும் கை எங்கே தெரிந்தாலும் நின்று பார்க்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து இந்தப் பக்கமெல்லாம் கரண்ட் போனதே, அப்போது அந்த வீட்டுக் கிம்ச்சிப் பெட்டியும் அணைந்துபோனது. இரண்டாம் நாள் கிம்ச்சி கடும் புளிப்பு ஏறிவிட்டது. அதை அந்த அம்மா கொட்டவில்லை. புளித்த கிம்ச்சியைக் குழம்பாகக் கொதிக்க வைத்தால் அது 'கிம்ச்சி ஜிகே'. புதுக் கிம்ச்சியில் அந்த ருசி வராது. கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றி, படிக்கட்டு இருட்டில் மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டுப் பாட்டி, புளித்துப்போன தன் மாவில் பணியாரம் ஊற்றிப் பதிலுக்குக் கொடுத்தாராம். புளிப்பு மிஞ்சினால் வீணாக்காமல் வேறு பண்டமாக்குவது என்பதை இரண்டு பேருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் கிளம்பும்போது அந்த வீட்டுச் சிறுவன் ஒரு சாக்கோ பை கொடுத்தான். அன்று வெள்ளிக்கிழமை. அக்காவுக்கும் ஒன்று நீட்டினான். அவர் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். நடுவில் இருக்கும் மார்ஷ்மல்லோவில் வழக்கமாக விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். இங்கே விற்க வேண்டுமென்பதற்காக லோட்டே கம்பெனி அதை நீக்கிச் சைவமாக்கியது. நம் பாரிஸ் மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் வாங்கிய அதே லோட்டேதான். சாக்கோ பை தயாராகும் ஆலை வெள்ளவேடு பக்கம் நேமத்தில் இருக்கிறது. நம் வெள்ளிக்கிழமைக்காக அவர்கள் தங்கள் பண்டத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

வெயில் தேடி ஸ்பெயின் கடற்கரைக்குக் குடிபோன பிரிட்டிஷ் ஓய்வூதியர்களும் அங்கே தங்கள் தேநீரையும் டப்பா பீன்ஸையும் விடவில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன நம்மவர்கள் மட்டும் என்ன, ஊறுகாயும் கருவாடும் கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். ஊரை விட்டுப் போகிறவன் கடைசிவரை விடாமல் பிடித்திருப்பது நாக்கைத்தான்.

ஒன்று மனத்தை அறுக்கிறது. கொரிய மேலாளரின் வீட்டில் வரும் வாடையைப் பொறுத்துக்கொள்ளும் இதே பகுதியில், ஓட்டலிலும் அழகு நிலையத்திலும் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண்களுக்கு, அவர்கள் சமைக்கும் புளிக்கவைத்த மீனின் வாடையைச் சொல்லி வீடு இல்லை என்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உழைக்கும் ஒடிசாக்காரர்களுக்கு ஓர் அறையில் எட்டுப் பேர்தான் கதி. வாடையில் வித்தியாசம் இல்லை, வாடகையில்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை சமையல் வாடையைக் காரணம் காட்டி யாரையாவது திருப்பி அனுப்பத் தோன்றினால், முதலில் உங்கள் சமையலறைக்குப் போய் மாவுக் குண்டானின் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். பிறகு சாவியைக் கொடுங்கள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம். 'அப்பா' என்று கூப்பிட்டபடி பள்ளி வேனிலிருந்து இறங்கும் கொரியக் குழந்தைகளோடு.

(தொடரும்)